மலிவு விலைப் பெரிய கப்பலில் குடும்பப் பயணம்: உள்ளே என்ன கிடைக்கும், எதற்கெல்லாம் காசு?

தின்னவேலி

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா குடும்பம் ரொறன்ரோவில், தங்கச்சி குடும்பம் லண்டனில், நாங்களும் அம்மாவும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்மானம். கொஞ்சத் தூரம் நடப்பார், அதற்கு மேல் சக்கர நாற்காலி வேண்டும். இந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு மூன்று வீடும் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் ஒன்றில் போகலாம் என்கிறார் அண்ணா. மொத்தம் 12 பேர். என் பிள்ளைகளுக்கு 6, 9 வயது. அண்ணாவின் இருவரும் பதின்ம வயது. தங்கச்சியின் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம் ஆகியிருக்கும்.

விளம்பர விலையைப் பார்த்தால் சிங்கப்பூரில் ஹோட்டல் எடுத்துத் தங்குவதைவிடக் குறைவாகத் தெரிகிறது. சாப்பாடும் அதற்குள் என்கிறார்கள். இதை எந்தளவுக்கு நம்பலாம்? அம்மாவை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா? இரண்டு பாதைகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று தாய்லாந்தின் புக்கெட் வரை போய்த் திரும்புவது, மற்றது மலேசியாவின் கிள்ளான் துறைமுகமும் பினாங்கும். பிள்ளைகள் புக்கெட் என்று நிற்கிறார்கள். அம்மாவுக்குக் கிள்ளான் பக்கம் பார்க்க ஆசை, அவருடைய அப்பப்பா அங்கே ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். போய்வந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

மார்க்கம் தம்பி

அக்கா, நாங்கள் போனது அமெரிக்கக் கப்பல்களில், மயாமியிலிருந்து கரீபியன் பக்கம். சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்களிலும் அடிப்படை முறை இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் உள்ள விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு எவ்வளவு என்பது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. ஒருவர் தனியாக ஓர் அறை எடுத்தால் ஏறத்தாழ இரண்டு பேரின் காசைக் கட்ட வேண்டும், ஆகவே அம்மாவைத் தனி அறையில் விட வேண்டாம். அந்த விலைக்குள் அறை, பெரிய சாப்பாட்டு மண்டபம், பஃபே, அரங்க நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம், சறுக்குகள், உடற்பயிற்சிக்கூடம், பிள்ளைகள் மன்றம் எல்லாம் அடங்கும். பசியோடு யாரும் படுக்க மாட்டார்கள், அதற்கு நான் உத்தரவாதம்.

வெளியே நிற்பவை இவை: துறைமுக வரி, ஊழியர் சேவைக் கட்டணம், வைஃபை, சோடா வகைகள், நல்ல கோப்பி, தனி உணவகங்கள், கரைச் சுற்றுலா, படம் பிடிப்பவர்கள் எடுக்கும் படங்கள். சேவைக் கட்டணம் அமெரிக்கக் கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை. 18 என்று வைத்தால் உங்கள் 12 பேருக்கு நான்கு இரவுக்கு 864 டொலர். பிள்ளைகளுக்கும் உண்டு, சில நிறுவனங்கள் மட்டும் கைக்குழந்தைக்கு விட்டுக்கொடுக்கும். இந்தத் தொகையை முதல் நாளே கணக்கில் வைத்தால்தான் கப்பலையும் ஹோட்டலையும் சரியாக ஒப்பிடலாம்.

கப்பலுக்குள் தாள் காசு ஓடாது. ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் காசு, அதுதான் இறங்கி ஏறும் அடையாளம். உங்கள் கிரெடிட் கார்டோடு இணைந்திருக்கும். பிள்ளைகளின் அட்டையும் அப்படித்தான். விளையாட்டு இயந்திரங்களில் ஒரு தட்டுத் தட்டினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஏறின உடனே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பிள்ளைகளின் அட்டைக்குச் செலவு வரம்பு பூச்சியம் என்று போடச் சொல்லுங்கள். செய்து தருவார்கள்.

ஹரோ அக்கா

குழந்தைக்கு எட்டு மாதம் என்றால் ஏற்றுவார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் பன்னிரண்டு மாதம். உங்கள் வீட்டில் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால் அதையும் பாருங்கள், பயணம் முடியுமுன் 24ஆவது வாரம் தொடங்குமென்றால் பல கப்பல்கள் ஏற்றாது.

பிள்ளைகள் மன்றத்தில் மூன்று வயதிலிருந்து, மலசலகூடம் தானாகப் போகத் தெரிந்த பிள்ளைகளை எடுப்பது பொதுவான வழக்கம். ஆகவே உங்கள் 6 வயதும் 9 வயதும் அங்கே சந்தோசமாக இருப்பார்கள். பகலில் இலவசம், இரவு பத்து மணிக்குப் பிறகு மணிக்கணக்கில் காசு கேட்பார்கள். பதின்ம வயதினருக்கு வேறு இடம் உண்டு. கைக்குழந்தை அம்மா அப்பாவோடுதான். சில கப்பல்களில் காசுக்குக் குழந்தைக் காப்பகம் இருக்கும், இடம் கெதியாக நிரம்பிவிடும். டயப்பர் போட்ட குழந்தையைப் பெரிய தடாகத்தில் இறக்க விடமாட்டார்கள், அதற்கென்று விளையாட்டுத் தண்ணீர்ப் பகுதி இருந்தால் அங்கே மட்டும். இதை தங்கச்சிக்கு முன்னமே சொல்லி வையுங்கள், தடாகக் கரையில் நின்று வாதாடிக் களைத்துப்போன பெற்றோரைக் கண்டிருக்கிறேன். சறுக்குகளுக்கு உயர வரம்பும் உண்டு. 6 வயதுக்காரரின் உயரத்தை அளந்து, அந்தக் கப்பலின் இணையத்தளத்தில் பார்த்து, ஏறுமுன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

அறை மிகச் சின்னது. உள் அறை என்றால் 15 சதுர மீற்றர் அளவுதான் வரும், ஜன்னல் கிடையாது. மூன்றாவது, நான்காவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். குளிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் முழங்கை முட்டும். மலசலகூடத்தில் எங்கள் பழக்கத்துக்குத் தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பை கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கு இதுதான் பெரிய கவலை, ஆனால் வெட்கத்தில் கேட்க மாட்டார்கள்.

வல்வை மாலுமி

தங்கச்சி, நான் பயணிகள் கப்பல்களில் இயந்திரப் பகுதியில் பல வருடம் இருந்தவன். சாப்பாட்டையும் அறையையும் மற்றவர்கள் சொல்வார்கள். நான் பாதையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் பயணத்தின் பாதி இருக்கிறது.

ஓகஸ்ட் என்றால் எங்களுக்குச் சோளகம். அதே தென்மேல் பருவக்காற்று அந்தமான் கடலிலும் அடிக்கும். புக்கெட் மேற்குப் பார்த்த கரை, காற்றை நேரே வாங்கும். மலாக்கா நீரிணைக்குள் சுமத்திரா தீவு ஒரு பக்கம் மறைத்து நிற்பதால் கிள்ளான், பினாங்கு வரைக்கும் கடல் பெரும்பாலும் அமைதி. அதோடு இன்னொன்று. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல வேளைகளில் கரையை அணையாது. பட்டோங் குடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கும். அலை எழும்பினால் படகில் ஏற்றுவதை நிறுத்துவார்கள், அன்று முழுவதும் கரையைப் பார்த்துக்கொண்டு கப்பலிலேயே இருக்க வேண்டியதுதான். அலை இல்லாவிட்டாலும், ஆடுகிற படகில் சக்கர நாற்காலியோடு ஏறுவது முடியுமா என்பதை அந்த நேரத்தில் அங்கே நிற்கும் அதிகாரிதான் தீர்மானிப்பார். பினாங்கிலும் கிள்ளானிலும் கப்பல் துறையை அணைக்கும், அம்மா பாலத்தால் உருட்டிக்கொண்டு இறங்கலாம். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. ஓகஸ்டில், அம்மாவோடு என்றால் பினாங்குப் பாதைதான்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. காற்றின் காலம் பார்த்துத்தான் பயணம் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். ஒன்றரை இலட்சம் தொன் கப்பல் என்றாலும் அது மாறாது.

குமட்டலைப் பற்றிப் பயம் வேண்டாம். குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவு போய் வந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. பெரிய கப்பலின் இரண்டு பக்கமும் நீர்மட்டத்துக்குக் கீழே துடுப்புப் போன்ற உறுதிப்படுத்திகள் உண்டு, உருளுவதை அவை நன்றாகக் குறைக்கும். இருந்தும் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் மிகக் குறைவு. கீழ்த் தளத்தில் விலையும் பெரும்பாலும் குறைவு. மேல் தளத்து முன்பகுதி அறை அழகு, ஆனால் ஆடும். வாந்தி மாத்திரை போடுவதென்றால் குமட்டல் வருமுன் போட வேண்டும். அம்மா பிரஷர் மருந்து எடுக்கிறார் என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

நாவற்குழி

வீசாவை யாரும் சொல்லவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூருக்கு வீசா வேண்டாம், வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். மலேசியாவுக்கு வீசா வேண்டும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இது நினைவே வராது. கப்பலை விட்டு இறங்காவிட்டாலும், போகிற எல்லா நாட்டுக்கும் வீசா இருக்கிறதா என்று ஏறும் மேசையிலேயே பார்ப்பார்கள். இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், காசும் திரும்பாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, பதிவு செய்யும் வாரத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

தின்னவேலி

நாவற்குழி, பெரிய உதவி. அண்ணா அனுப்பிய விபரத்தில் மலேசிய வீசா பற்றி ஒரு சொல்லும் இல்லை. வல்வை அண்ணை, நீங்கள் சொன்னதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். பதின்ம வயதினர் இருவரும் புக்கெட்டை இன்னும் விடவில்லை.

சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள். ஓகஸ்ட் நல்லூர்த் திருவிழாக் காலம். அம்மா கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை மச்சம் தொடமாட்டார். நாங்களும் அப்படித்தான். முட்டை போட்ட கேக்கும் வேண்டாம் என்பார்.

சுன்னாகம் சைவம்

இதற்காகவே கணக்குத் திறந்து எழுதுகிறேன். சைவக்காரர் தைரியமாகப் போகலாம். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய, அதனால் பஃபேயில் பருப்பு, சோறு, ரொட்டி, மரக்கறி வகைகள் எப்போதும் இருக்கும். 2022 முதல் சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெந்திங் ட்ரீம் என்ற கப்பலில் ஹலால் உணவும், சைவமும், வெங்காயம் உள்ளி இல்லாத ஜைன சமையலும் உண்டு. அமெரிக்கக் கப்பல்களிலும் இந்தியச் சைவ உணவு என்று பதிவின்போதே குறித்தால் செய்து தருவார்கள்.

ஆனால் யாழ்ப்பாணச் சுவையை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் வட இந்தியக் குழம்பு, உறைப்புக் குறைவு, கொஞ்சம் இனிப்பு. புட்டும் சொதியும் கிடைக்காது. முதல் இரவே சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பரிசாரகரோடு கதையுங்கள். "மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையில்லை, உறைப்பாக வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னால், அடுத்த நாளிலிருந்து அம்மாவுக்கென்று தனியாக வரும். ஒவ்வொரு இரவும் அதே மேசை, அதே பரிசாரகர் என்ற ஏற்பாட்டைத் தெரிவு செய்யுங்கள். இரண்டாம் நாள் அவர்களே அம்மாவின் பெயரைச் சொல்லித் தேநீர் கொண்டுவருவார்கள். வயசான ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்று சாப்பிட்ட மனுஷி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் முதல் ஆளாகச் சாப்பிடுகிறார். என் மாமி அப்படி இருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தப் பயணத்துக்குக் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, திறக்காத பொதி என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, ஊறுகாய் எல்லாம் முத்திரை ஒட்டின பொதியாக வாங்குங்கள். துறைமுகத்தில் இறங்கும்போது அவற்றைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம், விவசாயச் சட்டங்கள் கடுமை. சோறு அவிக்கும் குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் தீ அபாயம் என்று எடுத்து வைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள்.

குருநகர்

எல்லோரும் போ போ என்கிறீர்கள். நான் வேறு விதமாக நினைக்கிறேன், கோபப்படாமல் வாசியுங்கள்.

அது கடல் பயணமே இல்லை. கடைத்தெரு, சூதாட்ட மண்டபம், ஏலக்கடை, விளையாட்டுக்கூடம், எல்லாவற்றையும் அடுக்கி வைத்த ஒரு கட்டடம். நடக்கும் வழியெல்லாம் விற்பனை. துறைமுகத்தில் கிடைப்பது ஆறு ஏழு மணித்தியாலம். அதற்குள் ஒரு ஊரை என்ன பார்ப்பது? மூவாயிரம் பேர் ஒரே நேரம் இறங்கி, ஒரே கடையில் ஏறி, ஒரே சாமானை வாங்கித் திரும்புகிறார்கள். பிறகு கழிவு. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து எங்கள் தீவின் மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். கப்பல் என்றால் எனக்கு அந்த நினைவு வருகிறது. இத்தனை ஆயிரம் பேரின் அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது சொல்வீர்களா? அந்தக் காசுக்குப் பன்னிரண்டு பேரும் ஊருக்கே வந்து, காரைநகர் கசூரினாவிலும் நெடுந்தீவிலும் இரண்டு கிழமை இருக்கலாம்.

வல்வை மாலுமி

குருநகர் தம்பி, நியாயமான கேள்வி. சர்வதேசச் சட்டப்படி சுத்திகரிக்காத மலக்கழிவை நிலத்திலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விடலாம். அரைத்துக் கிருமி நீக்கியதை 3 மைலுக்கு அப்பால். புதிய பெரிய கப்பல்களில் நல்ல சுத்திகரிப்புத் தொகுதி உண்டு. பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவது எங்கும் முழுத் தடை. எரிபொருளில் கந்தகம் 2020 ஜனவரியிலிருந்து 0.50 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு முன் 3.50 வீதம். சட்டம் இது. எல்லாக் கப்பலும் எல்லா நாளும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், மீறிப் பிடிபட்டுப் பெரிய தண்டம் கட்டிய நிறுவனங்களும் உண்டு. ஒரு ஆளுக்கு எரியும் எண்ணெய் குறைவில்லை என்பதும் உண்மை. அந்தக் காரணத்துக்காக ஒருவர் போகாமல் விட்டால் அதை மதிக்கிறேன்.

கட்டடம் என்றீர்கள். கெந்திங் ட்ரீம் 335 மீற்றர் நீளம், ஒன்றரை இலட்சம் தொன், அறைக்கு இரண்டு பேர் என்றாலே 3,300க்கு மேல் பயணிகள். டைட்டானிக் 46,000 தொன்தான். (இந்தத் தொன் எடையைக் குறிப்பதில்லை, உட்கொள்ளளவைக் குறிப்பது.) ஆகவே நெருக்கம் இருக்கும். அதிலும் காலையில் இறங்கும் நேரம் லிஃப்டுக்கு நிற்பது நல்லூர்த் தேரன்று வாசலில் நிற்பதுபோலத்தான். ஆனால் கடல் இல்லை என்பதை ஏற்கமாட்டேன். நடைபாதைத் தளம் என்று ஒன்று பெரும்பாலான கப்பல்களில் உண்டு. காலை ஐந்தரைக்கு அங்கே போனால் ஆளே இருக்காது. அம்மாவை உருட்டிக்கொண்டு போய் இருத்துங்கள், மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம்.

சேவைக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. வரவேற்பு மேசையில் சொன்னால் சில கப்பல்களில் அதை எடுத்துவிடுவார்கள், இணையத்தில் அதையும் ஒரு தந்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் படுக்கையை விரிப்பவரும் கோப்பை கழுவுபவரும் ஆறு முதல் ஒன்பது மாதம் வீட்டைப் பார்க்காமல், கிழமைக்கு ஏழு நாளும் வேலை செய்பவர்கள். பல நிறுவனங்களில் அந்தக் காசு அவர்களுடைய சம்பளத்தின் ஒரு பகுதி.

பண்ணைக் காற்று

காங்கேசன்துறையிலிருந்தே ஏற முடியாதா? 2023இல் ஒரு பெரிய கப்பல் வந்ததே.

மார்க்கம் தம்பி

வந்தது, கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓடியது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு ரோயல் கரீபியனில் இருந்த கப்பல், சுமார் 48,500 தொன். அது சென்னைப் பயணிகளை ஏற்றிச் சென்னையிலேயே இறக்கும் சுற்று. அதன் பிறகு 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து செரியாபாணியும், 2024 ஓகஸ்டில் சிவகங்கையும் வந்தன. அவை நான்கு மணித்தியாலம் மட்டில் ஓடும் பயணிகள் படகுகள், இருக்கையில் இருந்து போவது. அதைக் கப்பல் விடுமுறை என்று நினைத்து ஏற வேண்டாம். மிகப் பெரிய கப்பல்களுக்குப் பாக்கு நீரிணையின் ஆழம் போதாது.

தின்னவேலி

சரி, இப்போது அறைதான் குழப்பம். பால்கனி எடுத்தால் விலை கூடுகிறது. அம்மா முழு நாளும் அறையில் இருப்பாரா, அப்படியென்றால் ஜன்னலாவது வேண்டாமா? சக்கர நாற்காலி வாசலால் போகுமா? வைஃபை எவ்வளவு?

ஹரோ அக்கா

சாதாரண அறை வாசலால் போகாது, அல்லது உரசிக்கொண்டு போகும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று கேட்டு எடுங்கள். வாசல் அகலம், குளியலறையில் படி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கையும் உண்டு. ஒரு கப்பலில் சில பத்து அறைகள்தான் இருக்கும், அதனால் முதலில் இதைப் பதிவு செய்துவிட்டு மற்ற அறைகளை அதைச் சுற்றி எடுங்கள். முனையத்தில் தரும் நாற்காலி ஏறி இறங்க மட்டும், கப்பலுக்குள் பாவிக்க உங்களுடையதைக் கொண்டுபோக வேண்டும்.

மற்ற அறைகளுக்குப் பால்கனி வேண்டாம் என்பேன். ஒன்றுக்கு மட்டும் எடுங்கள், அம்மா இருக்கும் அறைக்கு. 12 பேரும் மாறி மாறி அங்கேதான் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இடைக்கதவு உள்ள இரண்டு உள் அறைகள் மலிவு, வசதி. உள் அறை பகலிலும் கும்மிருட்டு, குழந்தை நன்றாக நித்திரை கொள்ளும். சுவர்கள் இரும்பு, காந்தக் கொளுக்கி நாலைந்து கொண்டுபோனால் ஈர உடுப்பு, தொப்பி எல்லாம் தொங்கவிடலாம்.

வைஃபை அமெரிக்கக் கப்பல்களில் ஒரு கருவிக்கு ஒரு நாளுக்கு 20 டொலர் அளவில் வரும். துறைமுகத்தில் இறங்கி அங்கே பாருங்கள். முக்கியம், கடலில் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு வையுங்கள். கப்பலின் கைப்பேசி வலையமைப்பு தானாகப் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரம். கப்பல் செயலியைக் கரையிலேயே இறக்கி, அரங்க நிகழ்ச்சிகளை ஏறின உடனே பதிவு செய்யுங்கள்.

மார்க்கம் தம்பி

குடிபானப் பொதி பற்றி ஒன்று. சில நிறுவனங்களில் ஒரே அறையில் ஒருவர் மதுபானப் பொதி எடுத்தால் அந்த அறையிலுள்ள வயது வந்த எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும். அத்தானுக்கு வேண்டுமென்றால் எந்த அறையில் யார் என்று பதிவில் யோசித்துப் போடுங்கள். ஒவ்வொரு குடிபானத்துக்கும் 18 வீதம் மட்டில் சேவைக் கட்டணம் மேலே வரும். பஃபேயில் தண்ணீர், தேநீர், சாதாரண கோப்பி இலவசம்.

அதோடு முகவர்கள். இங்கே ஒரு முகவர் எங்கள் சொந்தக்காரருக்குத் துறைமுக வரியும் சேவைக் கட்டணமும் சேர்க்காமல் விலை சொல்லி, கடைசிக் கிழமையில் மிச்சத்தைக் கேட்டார். முழுத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்புறுதியும் கட்டாயம் எடுங்கள். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் ஒவ்வொரு தடவையும் பில், அது அறைக் கணக்கில் ஏறும். 74 வயதுக்கும் ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கும் அந்தக் காப்புறுதி செல்லுமா என்று கேட்டு எடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பேரன்

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூட்டனாரும் மானிப்பாயிலிருந்து ரயில்வேக்கு வந்தவர், அதனால் உங்கள் அம்மாவின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரம், நெரிசல் என்றால் அதற்கு மேல். பத்துமலை, இரட்டைக் கோபுரம், கடைத்தெரு எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் அம்மா வாகனத்துக்குள்ளேயே களைத்துவிடுவார். பத்துமலையில் 42.7 மீற்றர் முருகன் சிலையைக் கீழே நின்றே கும்பிடலாம், 272 படி ஏற வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடம்தான் என்றால் நான் பிரிக்பீல்ட்ஸ் ஸ்கொட் வீதியில் உள்ள கந்தசுவாமி கோயிலைச் சொல்வேன். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்தவர்கள் எழுப்பிய கோயில், பூசை முறையும் நம்மூர் முறை. பக்கத்திலேயே பழைய ரயில்வே குடியிருப்புகள் இருந்த பகுதி. அம்மாவின் அப்பப்பா அந்தத் தெருக்களில் நடந்திருக்கக்கூடும். கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துப் போங்கள், மதியத்தில் பூட்டியிருக்கும்.

பினாங்கில் வேலை இன்னும் சுலபம். கப்பல் ஜோர்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். குயின் வீதி மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, அங்கேயே இருக்கிறது. சுற்றியுள்ள கடைகளில் வாழையிலைச் சைவச் சாப்பாடு கிடைக்கும், அம்மாவுக்கு அன்று உறைப்பாகக் கொடுங்கள். கப்பல் விற்கும் சுற்றுலா எதுவும் பினாங்கில் வேண்டாம். கிள்ளானில் மட்டும் முன்கூட்டியே ஒரு வேன் பேசுங்கள், 12 பேருக்கு அதுதான் மலிவு. திரும்பி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். கப்பல் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்து நிற்கும், தனியாகப் போனவர்களுக்காக நிற்காது.

குருநகர்

கந்தசுவாமி கோயில் தகவலுக்கு நன்றி. அம்மாவுக்காகப் போகிறீர்கள் என்றால் போய் வாருங்கள் அக்கா. சாப்பாட்டை மட்டும் வீணாக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பஃபேயில் மலை மலையாக எறிகிறார்கள்.

தின்னவேலி

இன்று மூன்று வீடும் கதைத்து முடித்தோம். பினாங்கு, கிள்ளான் பாதை. பதின்ம வயதினரை மாற்றியது சறுக்குகளின் படம், நாங்கள் சொன்ன எதுவும் இல்லை. அம்மாவும் நானும் மகளும் மாற்றுத்திறனாளி அறையில், பால்கனியோடு. மற்றவர்களுக்கு நடுப்பகுதியில் உள் அறைகள். மலேசிய வீசாவுக்கு ஐந்து பேரின் பத்திரங்களும் சேர்த்தாயிற்று.

கடைசியாக இரண்டு கேள்வி. முதல் நாளும் கடைசி நாளும் எப்படி நடக்கும்? அவசர ஒத்திகை என்று ஒன்று சொல்கிறார்கள், அம்மா படி இறங்க வேண்டுமா? அம்மா இன்சுலின் போடுகிறார், அறைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா?

ஹரோ அக்கா

முதல் நாள் பெரிய பெட்டிகளை முனையத்தில் வாங்கிவிடுவார்கள், அறைக்கு வந்து சேர மாலையாகலாம். மருந்து, குழந்தையின் பால்மா, டயப்பர், நீச்சல் உடுப்பு, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில். கடவுச்சீட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும் பயணங்களும் உண்டு, அதனால் பிரதி எடுத்து வையுங்கள். கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். விடியப் போடும் உடுப்பையும் செருப்பையும் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டச் சொல்லுங்கள். அல்லது பெட்டியை நீங்களே உருட்டிக்கொண்டு இறங்கலாம், அம்மாவோடு அது வேண்டாம். அன்றைய விமானம் பிற்பகலுக்குப் பிறகு இருக்கட்டும். ஒரு இரவு உடுத்திப் போகச் சேலை ஒன்று கொண்டுபோங்கள், அழகான படம் எடுக்க நல்ல படிக்கட்டுகள் உண்டு. உங்கள் போனில் எடுத்தால் காசில்லை.

வல்வை மாலுமி

ஒத்திகை கட்டாயம், கைக்குழந்தைக்கும் சேர்த்து. 2012 ஜனவரியில் கொஸ்டா கொன்கோர்டியா இத்தாலிக் கரையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அதுவரை ஒத்திகை நடக்கவில்லை. அதன் பிறகு விதியை மாற்றி, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு, உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் கூடும் இடத்துக்குப் போய்ப் பதிந்தால் போதும். ஏறின உடனே, லிஃப்ட் ஓடும்போதே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். உண்மையான அவசரத்தில் லிஃப்ட் ஓடாது. அதனால் உதவி தேவைப்படுபவர் பட்டியலில் அம்மாவின் பெயரை வரவேற்பு மேசையில் பதியச் சொல்லுங்கள். அவரைத் தூக்கி இறக்குவதற்கென்று ஆட்களைக் குறித்து வைப்பார்கள். பதிந்ததா என்று இரண்டாவது முறை கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இன்சுலினை அறைக் குளிர்பெட்டியில் நம்பி வைக்க வேண்டாம், பல கப்பல்களில் அது போத்தலைக் குளிராக்கும் அளவுக்குத்தான். மருந்துக்குத் தனிக் குளிர்பெட்டி வேண்டும் என்று பதிவின்போதே எழுதுங்கள், காசில்லாமல் தருவார்கள். ஊசிகளைப் போட மூடியுள்ள பெட்டியும் அறைப் பணியாளரிடம் கேட்கலாம். வைத்தியரின் கடிதம் ஆங்கிலத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதை உங்கள் கணவரிடமும் வையுங்கள், சுங்கத்தில் கேட்பார்கள்.